கிட்டப் போகாமல் எடுக்க முடியாத படம்

ஊட்டி இந்துநகரில் இன்று மூடிக்கிடக்கும் ஃபிலிம் தொழிற்சாலையில்தான் என் அப்பா ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தார். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1960-இல் தொடங்கியது, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இந்த மலையிலிருந்துதான் நாடு முழுக்கப் போயின. அப்பா இருந்தது ஃபிலிமில் ஒளியுணர் மருந்து பூசும் பிரிவில். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வந்தாலும் சரக்கு பாழ் என்பதால் வேலை நேரம் முழுக்க இருட்டு. ஃபிலிமின் எந்தப் பக்கத்தில் மருந்து இருக்கிறது என்று இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தை ஈர உதட்டில் வைக்க வேண்டும். ஒட்டினால் அதுதான் மருந்துப் பக்கம். கம்பளிக்குள் என் தலையையும் இழுத்துக்கொண்டு அவர் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது.

இப்போது கோத்தகிரி பஜாரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பாஸ்போர்ட் படம், மழைக்காலத்தில் மரம் விழுந்தால், மண் சரிந்தால் பத்திரிகைக்குப் படம். போருக்கு நான் போனதில்லை. ஆனால் போரைப் படம் எடுத்தவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் முப்பது வருஷமாகப் படித்துவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: “போர்ல படம் எடுக்கிறவங்க எப்படிண்ணா சாகாம எடுக்கிறாங்க?” நிறையப் பேர் சாகத்தான் செய்கிறார்கள். ஏன், எப்படி, அதைத் தவிர்க்க என்னென்ன செய்கிறார்கள் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதுகிற நிருபர் சண்டை முடிந்த பிறகு போகலாம். தப்பி வந்தவர்களிடம் கேட்டு எழுதலாம். பக்கத்து ஊர் விடுதியில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் போனில் பேசியும் நல்ல செய்தி எழுதலாம். படம் எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில் அவர் நிற்க வேண்டும். சுவருக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு காது கேட்கலாம், கேமரா பார்க்காது. ஆக, இந்தத் தொழிலில் ஆபத்து என்பது வேலைக்கு நடுவே வந்து சேர்கிற ஒன்று அல்ல, வேலை செய்யும் முறையே அதுதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1855-இல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் குதிரை வண்டி ஒன்றையே இருட்டறையாக மாற்றி ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆகும் என்பதால் ஓடுகிற ஆளை, பாய்கிற குதிரையை எடுக்கவே முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்கில் குண்டுகள் உருண்டு கிடப்பது போன்றவற்றைத்தான் அவரால் எடுக்க முடிந்தது. நம் நாட்டில் 1858-இல் லக்னோவுக்கு வந்த ஃபெலிஸ் பியாட்டோ, சண்டை நடந்து பல மாதம் கழித்து சிக்கந்தர் பாக் முற்றத்தில் மனித எலும்புகள் சிதறிக் கிடக்கும் படத்தை எடுத்தார். படத்துக்காகவே அந்த எலும்புகள் பரப்பி வைக்கப்பட்டன என்றுதான் பலரும் கருதுகிறார்கள். போர்ப் படத்தில் ஏமாற்று என்பதும் போர்ப் படம் அளவுக்கே பழையது.

கைக்கு அடக்கமான 35 மில்லிமீட்டர் கேமரா வந்ததும் நிலைமை மாறியது. ஒரு சுருளில் 36 படம். சட்டைப்பையில் பத்துச் சுருள் போட்டுக்கொண்டு சிப்பாயோடு சிப்பாயாக ஓடலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இப்படி ஓடியவர்கள் ராபர்ட் காபாவும் கெர்டா டாரோவும். 1937 ஜூலையில் பின்வாங்கும் கூட்டத்துக்கு நடுவே டாங்கி மோதி கெர்டா இறந்தார், வயது 26. காபா 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் முதல் அலைகளோடு இறங்கினார். அன்று அவர் எடுத்ததில் இன்று நம்மிடம் இருப்பவை 11 படங்கள். மற்றதெல்லாம் லண்டன் ஆய்வகத்தில் உலர்த்தும்போது வெப்பத்தில் உருகிவிட்டன என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டது. அப்படி நடந்திருக்காது என்று பிற்பாடு பலர் வாதிட்டிருக்கிறார்கள். ஃபிலிம் தொழிற்சாலைக்காரர் மகனாக எனக்கும் அந்தக் கதையில் சந்தேகம் உண்டு. அது எப்படியோ, அந்த 11 படங்களின் கலங்கலும் ஆட்டமும்தான் அந்தக் காலை நேரத்தை நமக்குச் சொல்கின்றன. படம் சரியில்லை என்றால் நீ இன்னும் கிட்டப் போகவில்லை என்று அர்த்தம் என்பது காபாவின் பேச்சு. 1954 மே 25 அன்று வியட்நாமில், ராணுவ வரிசையைப் படம் எடுக்கச் சாலையை விட்டு இறங்கி நடந்தவர் கண்ணிவெடியை மிதித்து இறந்தார்.

போர்க்களத்துக்குள் எப்படிப் போவது? இரண்டே வழி. ஒன்று, ஏதாவது ஒரு படையோடு சேர்ந்து போவது. அவர்கள் வண்டி, அவர்கள் சோறு, அவர்கள் மருத்துவர். 2003 ஈராக் போரில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான செய்தியாளர்களை இப்படிச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அவர்களுக்கு வைத்த குறி உங்களுக்கும் சேர்த்துத்தான். 1971 பிப்ரவரி 10 அன்று லாவோஸுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஹெலிகாப்டரில் லேரி பர்ரோஸ், ஆன்ரி ஹ்யூவே உட்பட நான்கு புகைப்படக்காரர்கள் ஒரே நேரத்தில் போனார்கள். நம் டெல்லிப் பையன் டேனிஷ் சித்திக்கி, ரோஹிங்கியா அகதிகளை எடுத்த படங்களுக்காக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவர், 2021 ஜூலையில் ஆப்கன் சிறப்புப் படையோடு காந்தகார் பக்கம் போயிருந்தார். சில நாள் முன்பு அவர் இருந்த கவச வண்டி மீதே ராக்கெட் குண்டு விழுந்ததை அவரே பதிவிட்டிருந்தார். ஜூலை 16 அன்று ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். 38 வயது.

இரண்டாவது வழி, தனியாகப் போவது. தனியாக என்றால் உண்மையில் மூன்று பேர்: புகைப்படக்காரர், ஓட்டுநர், அப்புறம் அந்த ஊர் ஆள் ஒருவர். அந்த மூன்றாவது ஆளை இத்தொழிலில் ஃபிக்ஸர் என்பார்கள். மொழிபெயர்ப்பவர், வழி சொல்பவர், எந்தச் சோதனைச் சாவடியில் யார் நிற்கிறார்கள், யாரிடம் சிகரெட் நீட்டலாம், யாரிடம் வாயே திறக்கக்கூடாது என்று தெரிந்தவர் அவர்தான். வெளிநாட்டுக்காரர் பெயரில் பரிசு வாங்கும் படங்களில் பாதி இவர் காட்டிய சந்துக்குள் எடுத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். போர் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிவிடுவார். இவர் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

இவர்கள் வேலை செய்யும் விதத்தில் ஆர்ப்பாட்டமே இருக்காது. வண்டியை வந்த வழியைப் பார்த்துத் திருப்பித்தான் நிறுத்துவார்கள். கேமராவின் பீப் சத்தத்தை அணைத்து, மின்னும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். லென்ஸ் மாற்ற நேரம் இருக்காது, தூசியும் புகும் என்பதால் இரண்டு கேமரா, இரண்டு லென்ஸ். முடிந்தவரை அகல லென்ஸ். தூரத்தில் நின்று எடுக்கும் நீள லென்ஸைப் பலர் தவிர்க்கிறார்கள். அதற்கு அழகியல் காரணம் மட்டும் இல்லை.

கூடலூர் பக்கம் காட்டில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள், மூட்டத்தில் தெரிவது பாறையா ஆனையா என்று அது நகர்ந்தால்தான் தெரியும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும் என்று. கோத்தகிரியில் மூடுபனி இறங்கும் நாளில் பத்தடி தள்ளி வருகிறவர் தோளில் இருப்பது கவாத்துக் கத்தியா குடையா என்று எனக்கே பிடிபடுவதில்லை. போர்க்களத்தில் எப்போதுமே இந்த மூட்டம்தான். 2007 ஜூலை 12, பாக்தாத். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்தீனும் ஓட்டுநர் சயீத் ச்மாக்கும் சிலரோடு தெருவில் நடந்துபோகிறார்கள். மேலே சுற்றிய அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் தோளில் தொங்கிய கேமராவை ஆயுதம் என்கிறார்கள், சுவர் முனையில் குனிந்து லென்ஸை நீட்டியபோது அது ராக்கெட் லாஞ்சர் என்கிறார்கள், சுட அனுமதி கேட்கிறார்கள், கிடைக்கிறது. இருவரும் செத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து பதிவான காட்சியும் குரல்களும் 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தபோதுதான் நடந்தது என்ன என்று உலகுக்குத் தெரிந்தது.

உடம்பைக் காப்பாற்றும் சங்கதிக்கு வருகிறேன். தலைக்கவசம், முன்னும் பின்னும் பீங்கான் தகடு வைத்த மார்புக் கவசம். அது மட்டும் ஏறக்குறைய 10 கிலோ. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறும் நம் பெண்களுக்கு அந்தக் கனம் என்னவென்று தெரியும், ஆனால் அவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிடலாம். இந்தக் கவசம் மார்பை, முதுகை மறைக்கும். தொடையை, கழுத்தை, அக்குளை மறைக்காது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் மோர்ட்டார் சிதறல் பட்டு டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹோன்ட்ரோஸும் இறந்தார்கள். ஹெதரிங்டனின் காயம் தொடையருகே; ரத்தம் போய்ப் போய், மருத்துவமனை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. கூட இருந்த யாருக்காவது ரத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தால் என்ற கேள்வி அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கரை உலுக்கியது. எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல் போகும் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கும் அமைப்பை அவர் தொடங்கினார்.

அதைப் படித்த பிறகுதான் நானும் குன்னூரில் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போனேன். வெலிங்டனில் ஓய்வுபெற்ற ராணுவ நர்சிங் உதவியாளர் ஒருவர் நடத்தியது. என்னை மேசைமேல் உட்காரவைத்து, தொடையின் மேல்பாகத்தில் நாடாவைச் சுற்றி, அதில் இருந்த குச்சியை முறுக்கினார். இரண்டாவது முறுக்கிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வலிக்குதா தம்பி?”

“ரொம்ப வலிக்குதுங்கய்யா.”

“வலிக்கணும். வலிக்கலைன்னா ரத்தம் நிக்கலைன்னு அர்த்தம்.” இன்னொரு முறுக்கு. கணுக்காலில் விரலை வைத்துப் பார்த்தார், நாடி நின்றிருந்தது. பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து நாடாமேல் மணியை எழுதினார்: 11.20. எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எழுதாவிட்டால் அறுவைசிகிச்சை செய்கிறவருக்கு அந்தக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். போர்ப் புகைப்படக்காரர்கள் இந்த நாடாவைப் பைக்குள் வைப்பதில்லை, ஒரு கையால் எட்டும் இடத்தில் கவசத்தின் வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். தனக்குத் தானே ஒற்றைக் கையால் கட்டப் பழகுகிறார்கள். 2010 அக்டோபரில் காந்தகார் அருகே கண்ணிவெடியை மிதித்த ஜோவா சில்வா, கால்கள் போன நிலையிலும் சில படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்தவர்கள் உடனே கட்டுப்போட்டதால் பிழைத்தார், செயற்கைக் கால்களோடு மறுபடி வேலைக்கும் வந்தார்.

எடுத்தால் போதாது, படம் வெளியே போக வேண்டும். என் மனதில் இந்தப் பகுதிதான் ஆழமாக நிற்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்யப் படை சூழ்ந்த உக்ரைனின் மரியுபோல் நகரில் மிஞ்சியிருந்த சர்வதேச செய்தியாளர்கள் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் எம்ஸ்டிஸ்லாவ் செர்னோவும் எவ்கேனி மலோலெட்காவும்தான். மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. நகரத்திலேயே ஒரே ஓர் இடத்தில், சூறையாடப்பட்ட ஒரு மளிகைக் கடைக்கு வெளியே, சிக்னல் கிடைத்தது. நாளுக்கு ஒருமுறை அங்கே போய், மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து படங்களை அனுப்பினார்கள். மார்ச் 9 அன்று பிரசவ மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. காயம்பட்ட கர்ப்பிணியை ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடும் படம் உலகம் முழுக்கப் போனது. அதெல்லாம் நடிப்பு என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. அந்தப் பெண்ணும் குழந்தையும் இறந்துபோனார்கள். ஒரு படத்தோடு எடுத்த நேரம், இடம், முன்னும் பின்னும் எடுத்த மற்ற படங்கள், பெயரோடு எழுதிய குறிப்பு எல்லாம் சேர்ந்து போக வேண்டியதன் அவசியம் இதுதான். இந்த ஏஜென்சிகளில் படத்தில் இருப்பதில் ஒரு துளியை அழித்தாலும் சேர்த்தாலும் வேலை போகலாம். 2014-இல் சிரியப் படம் ஒன்றின் மூலையில் கிடந்த வீடியோ கேமராவை அழித்ததற்காகப் புலிட்சர் பெற்ற ஒருவரையே அசோசியேட்டட் பிரஸ் விலக்கியது. கண்டிப்பு அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. எலும்பைப் பரப்பிவைத்த நாளிலிருந்து இந்தத் தொழில் சுமக்கும் கடன் அது.

எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வந்தால், 1971 டிசம்பர் வங்கதேசப் போரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்தப் போரை நடத்திய மானெக்‌ஷா கடைசிக் காலத்தில் நம் குன்னூரில் வாழ்ந்து, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்து, ஊட்டியில் அடங்கியிருப்பதால் எங்கள் மலையில் அந்தப் போரைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. டாக்கா சரணடைந்த இரண்டாம் நாள், ஒரு மைதானத்தில் வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாகினியின் ஆட்கள், பாகிஸ்தானுக்கு உதவியவர்கள் என்று சிலரைக் கட்டிப்போட்டு, கூட்டத்துக்கு முன்னால் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். கேமராக்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது என்று நினைத்துச் சில புகைப்படக்காரர்கள் அங்கிருந்து விலகிப் போனார்கள். ஹோர்ஸ்ட் ஃபாஸும் மிஷெல் லோரானும் நின்று எடுத்தார்கள். அவர்களுக்கு 1972 புலிட்சர் கிடைத்தது. போனவர்கள் சரியா, நின்றவர்கள் சரியா? பல வருஷம் போனவர்கள் பக்கம்தான் என் மனம் இருந்தது. இப்போது இல்லை. யாரும் எடுக்காமல் போயிருந்தால் வென்றவர்கள் பக்கம் இப்படி ஒன்று நடந்ததே வெளியில் வந்திருக்குமா என்று தோன்றுகிறது. லோரான் 1975 ஏப்ரலில், சைகோன் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு வியட்நாமில் கொல்லப்பட்டார்.

மனசுக்குப் படும் காயம் தனி. 140 போர்ச் செய்தியாளர்களைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு வாழ்வில் ஒருமுறையாவது ஆளானவர்கள் கால்வாசிக்கும் மேல். சூடான் பஞ்சத்தில் குழந்தையையும் கழுகையும் ஒரே படத்தில் எடுத்த கெவின் கார்ட்டர், 1994-இல் பரிசு வாங்கிய சில மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஒரு படம்தான் காரணம் என்று கதை கட்டுவது தவறு. அதே வருஷம் ஏப்ரலில் அவருடைய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் தென்னாப்பிரிக்காவின் தோகோசாவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பணக் கஷ்டமும் இருந்தது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 79-ஆவது பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் பத்திரிகையாளரைப் பொதுமக்களில் ஒருவராகக் கருத வேண்டும் என்கிறது. நீலக் கவசத்தில் பெரிய எழுத்தில் ‘பிரஸ்’ என்று எழுதுவது அதற்காகத்தான். அந்த எழுத்து இன்று காப்பாற்றுகிறதா என்பது வேறு விஷயம். 2025 அக்டோபரில் உக்ரைனின் கிழக்கே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அன்தோனி லலிக்கான் டிரோன் தாக்குதலில் இறந்தபோது அந்தக் கவசம் அணிந்திருந்தார். டிரோனை ஓட்டுகிறவர் திரையில் அதைப் படிக்க முடியும்.

காஸாவில் ராணுவத் துணையோடு தவிர வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் உள்ளே விடவில்லை. ஆக 2023 அக்டோபருக்குப் பிறகு நாம் பார்த்த படங்களை எடுத்ததெல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. படம் எடுத்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கு மாவு தேடப் போனவர்கள். கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸ் நாசர் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஓடிவந்தவர்கள் கூடிய நேரத்தில் அதே இடத்தில் மறுபடி குண்டு விழுந்தது. அன்று இறந்தவர்களில் 5 பேர் பத்திரிகையாளர்கள். இரண்டு வருஷம் முன்பு அதே மருத்துவமனையின் பிணவறையில்தான், வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கட்டிக்கொண்டு மண்டியிட்ட பெண்ணை முகம்மது சலேம் எடுத்தார். அந்தப் படத்தில் ஒரு முகமும் தெரியாது.

படம் எடுக்க ஆளே இல்லாத போர் எப்படி இருக்கும் என்பது தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு வன்னியிலிருந்து ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது. சுதந்திரமான செய்தியாளர் யாரும் உள்ளே போக விடவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் சொன்னது. அந்த எண்ணை இலங்கை அரசு ஏற்கவில்லை. கையில் இருக்கும் காட்சிகளில் பெரும்பாலானவை உள்ளே சிக்கியவர்களும், வென்ற சிப்பாய்களே செல்போனிலும் எடுத்தவை.

நீலகிரியில் இது வெறும் செய்தி அல்ல. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்காகத்தான் 1968-இல் டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கோத்தகிரியில், கூடலூரில், பந்தலூரில் அவர்கள் லைன் வீடுகள் இன்றும் இருக்கின்றன. எல்லாரும் வந்துவிடவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு இலங்கையின் மலையகத்தை விட்டு வன்னிக்கு ஓடியவர்கள் பலர்.

2009 மே கடைசியில், கொழுந்து எடை போட்டுவிட்டு அப்படியே வந்த ஓர் அக்கா என் ஸ்டுடியோவில் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டினார். முகாம் ஒன்றின் முள்வேலிக்குப் பின்னால் கூட்டமாக ஆட்கள் நிற்கும் படம். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களை அரசு கூட்டிப்போய்க் காட்டிய நாளில் எடுத்ததாக இருக்கும். “பின்வரிசையில மூணாவது ஆளைப் பெருசாக்கித் தாங்க தம்பி. எங்கண்ணன் கிளிநொச்சியிலதான் இருந்துச்சு.”

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். செய்தித்தாள் படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும், முகம் வராது. அதைச் சொன்னேன். பரவாயில்லை போடுங்க என்றார். ஏ4 தாளில் போட்டுக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், நடுவில் தலை மாதிரி ஒரு வட்டம். அவர் அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார்.

“காது அண்ணன் காது மாதிரிதான் இருக்கு” என்றார்.

காசு வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை. மேசையில் இருபது ரூபாயை வைத்துவிட்டு, மழை நனைக்காமல் இருக்கத் தாளைச் சுருட்டிக் கொழுந்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.